எத்தனை சோடி வந்திருக்கு?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் காலைகளில், சாலையோரம் நிற்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அவனியாபுரம் வண்டி வந்திருச்சா?" பரிசு வாங்கியவர்கள் பட்டியலில் அந்த ஊரின் பெயர் அவ்வளவு அடிக்கடி வந்திருக்கிறது. வந்துவிட்டதென்று தெரிந்தால் கூட்டம் ஒருமுறை நெளிந்து நிமிரும். வரவில்லையென்றால், மேலூர்ப் பக்கமிருந்தும் சிவகங்கைச் சீமையிலிருந்தும் வந்த அருமையான காளைகளைக் கண்முன்னே வைத்துக்கொண்டே, "என்னப்பா, சப்புன்னு இருக்கு" என்று ஒரு பெரியவர் முணுமுணுப்பார்.

அந்த முணுமுணுப்பை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலக மோட்டார் பந்தயமும் முணுமுணுத்துவருகிறது. ஃபெராரி இல்லாவிட்டால் ஃபார்முலா ஒன் என்று ஒன்று இருக்குமா? பேர்பெற்ற அணி போய்விட்டால் போட்டி நிற்குமா, படுத்துவிடுமா? இதை ரசிகர்களின் டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அணிகளுக்குப் பணம் பிரித்துக் கொடுப்பதிலும், விதிகளை எழுதுவதிலும், போட்டியின் உரிமைதாரர்களே இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பல முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறேன். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் நேரில் நின்ற பந்தயத்திலிருந்து தொடங்கலாம்.

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் களம். அந்த ஆண்டுதான் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் கால்வைத்திருந்தார்; அந்த உயரத்துக்குப் போன முதல் இந்தியர். பயிற்சியின்போது சாய்தளமுள்ள 13-வது வளைவில் மிஷெலின் டயர் ஒன்று பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. தங்கள் டயர்கள் அந்த வளைவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று உறுதிசொல்ல முடியாது என மிஷெலினே கைவிரித்துவிட்டது. வேகத்தைக் குறைக்கச் சாலையில் ஒரு கூடுதல் நெளிவு வைக்கலாம் என்ற யோசனைக்கு ஒன்பது அணிகள் இசைந்தன, ஃபெராரி சேரவில்லை. சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனமும் மறுத்தது. பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் பூட்டிய பதினான்கு கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. களத்தில் மிஞ்சியவை ஆறு: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி.

ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். அவருடைய அணித்தோழர் பாரிக்கெல்லோ இரண்டாவது. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அவருக்குக் கிடைத்தவையும் அவ்வளவுதான்.

கூட்டம் என்ன செய்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். உலகின் மிகப் பிரபலமான அணி தன் இரண்டு கார்களோடும், ஏழு முறை உலகப் பட்டம் வென்ற தன் ஓட்டுநரோடும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் கூச்சலிட்டார்கள். களத்தில் பாட்டில்களை எறிந்தார்கள். பலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாக மிஷெலின் பிறகு அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முழுக்க ஃபெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். அதைக் கொண்டாட ஃபெராரிக்காரர்களுக்கே மனம் வரவில்லை. புகழ் மட்டும் ஒரு போட்டியைத் தாங்கும் என்றால், அன்று அது தாங்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒருநாள் சம்பவத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவது சரியாகாது. ஃபெராரியின் தரப்பையும் அதற்குரிய மதிப்போடு கேட்க வேண்டும். 1950-இல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து ஒரு பருவமும் விடாமல் பங்கெடுத்த ஒரே அணி அது. 15 ஓட்டுநர் பட்டங்கள், 16 தயாரிப்பாளர் பட்டங்கள். வேறெந்த அணிக்கும் இந்தக் கணக்கு இல்லை. இத்தாலியின் மோன்சாவில் பந்தயம் முடிந்ததும் சிவப்புக் கொடிகளோடு களத்தில் நிரம்பும் மக்களைப் பார்த்தவர்கள், சித்திரைத் திருவிழாவில் வைகைக்கரையை நினைக்காமல் இருக்க முடியாது. இந்த நீண்ட உறவுக்காக மற்ற அணிகளுக்கு இல்லாத தனித்தொகை ஃபெராரிக்குக் கிடைத்துவருகிறது. அதைவிட முக்கியமானது, விதிமாற்றங்களைத் தடுக்கும் மறுப்புரிமை. மற்ற அணிகளுக்கு எஞ்சின் விற்கும் விலைக்கு உச்சவரம்பு கொண்டுவர 2015-இல் சம்மேளனம் முயன்றபோது, ஃபெராரி அந்த உரிமையைப் பயன்படுத்தி நிறுத்தியது. விளையாடுபவரே விசிலையும் வைத்திருப்பதுபோன்ற ஏற்பாடு இது.

போய்விடுவேன் என்ற மிரட்டலும் பழையதுதான். 1986-இல் என்ஸோ ஃபெராரி அமெரிக்கப் பந்தயத்துக்கென்றே ஒரு காரைக் கட்டிக் காட்டினார். அது ஒரு போட்டியிலும் ஓடவில்லை. காட்டியதே போதுமானதாக இருந்தது. 2009-இல் செலவுக்கு உச்சவரம்பு என்ற பேச்சு வந்தபோது விலகுவதாக அறிவித்துப் பாரிஸ் நீதிமன்றம் வரை போனது ஃபெராரி. அங்கே தடையாணை கிடைக்கவில்லை. பிறகு 2021-இல் 14.5 கோடி டாலர் என்ற உச்சவரம்பு உண்மையாகவே வந்தது. ஃபெராரி போகவில்லை. போட்டிக்கு ஃபெராரி எவ்வளவு தேவையோ அவ்வளவு ஃபெராரிக்கும் போட்டி தேவை. அந்த நிறுவனம் சாலையில் ஓடும் கார்களை விற்பதே களத்தில் சேர்த்த பெயரை வைத்துத்தான்.

மிரட்டல் உண்மையாகவே நடந்த இடம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் வென்றது. அந்தப் பந்தயம் என்றாலே ஃபெராரி என்றிருந்த காலம். 1973-க்குப் பின் தன் சொந்த அணியை உச்சப் பிரிவிலிருந்து விலக்கிக்கொண்டது. திரும்பிவந்தது 2023-இல்தான். சரியாக ஐம்பது ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் லெ மான் செத்துப்போனதா? போர்ஷே வந்தது, ஜாகுவார் வந்தது, ஆடி வந்தது, டொயோட்டா வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதை வீழ்த்தித் தன் காலத்தை எழுதியது. திரும்பிவந்த ஃபெராரி முதல் ஆண்டிலேயே வென்றபோது உலகம் அதைக் கொண்டாடியதற்குக் காரணம், வெல்வதற்குத் தகுதியான ஒரு பந்தயத்தை மற்றவர்கள் ஐம்பது ஆண்டு காத்துவைத்திருந்ததுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் வரலாற்றில் உண்டு. பேர்பெற்ற அணி இருந்தும் போட்டி தள்ளாடிய ஆண்டுகள். 1950-லும் 1951-லும் பட்டம் ஆல்ஃபா ரோமியோவுக்கு. 1951 முடிவில் அது விலகியது. 1952 ஏப்ரலில் டூரின் நகரப் பந்தயத்துக்கு வருவதாக இருந்த பிரிட்டனின் பிஆர்எம் அணியும் வராமல் போனது. மிஞ்சியது ஃபெராரி மட்டுமே. எதிரில் நிற்க ஆளில்லை. பந்தயம் நடத்துபவர்கள் அப்போது எடுத்த முடிவு துணிச்சலானது. உலக சாம்பியன்ஷிப்பையே ஒருபடி கீழிறக்கி, சிறிய எஞ்சின் கொண்ட ஃபார்முலா டூ விதிகளின்படி இரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள். அந்த வகைக் கார்கள் பலரிடம் இருந்தன என்பதே காரணம். ஃபெராரி அப்போதும் விடவில்லை. 1952-இல் இண்டியனாபொலிஸ் தவிர்த்த ஏழு பந்தயங்களிலும் அதுவே வென்றது. அடுத்த ஆண்டு கடைசிப் பந்தயத்தில்தான் மசராட்டி அதை மறித்தது. ஆனால் வரிசையில் நிற்க வண்டிகள் இருந்தன, வளைவுகளில் முட்டிமோத ஆட்கள் இருந்தார்கள். சாம்பியன்ஷிப் பிழைத்தது. போட்டியைக் காப்பாற்ற அவர்கள் பேர்பெற்ற அணியிடம் போய்க் கெஞ்சவில்லை. மற்றவர்கள் உள்ளே வரக் கதவை அகலப்படுத்தினார்கள்.

அப்படி அகலப்படுத்த முடியாமல் போன இடத்தில் போட்டியே மடிந்திருக்கிறது. ஜெர்மனியில் தொடங்கிச் சர்வதேச அளவுக்கு வளர்ந்த டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 1996-இல் மூன்று நிறுவனங்கள் மட்டுமே இருந்தன: மெர்சிடிஸ், ஓப்பல், ஆல்ஃபா ரோமியோ. செலவு எகிறிக்கொண்டே போனது. அந்த ஆண்டு முடிவில் ஓப்பலும் ஆல்ஃபாவும் விலகின. அந்தக் களத்தில் பேர்பெற்ற மெர்சிடிஸ் இருந்தது. போட்டி இல்லாமல் போனது. மறுபடி அந்தப் பந்தயம் தலையெடுக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபெராரியே அதிகமாக வென்ற ஆண்டுகளும் ஒரு பாடம்தான். 2002-இல் மொத்தம் 17 பந்தயங்கள். பதினோராவதிலேயே, ஜூலை மாதத்தில், ஷூமாக்கர் பட்டத்தை உறுதிசெய்துவிட்டார். அதே ஆண்டு ஆஸ்திரியாவில் முன்னால் போய்க்கொண்டிருந்த பாரிக்கெல்லோ, அணி உத்தரவுப்படி எல்லைக்கோட்டருகே வழிவிட்டார், அரங்கம் கொதித்தது. மறு ஆண்டே அணி உத்தரவு தடைசெய்யப்பட்டது, புள்ளி முறை எட்டாம் இடம்வரை நீட்டப்பட்டது. ஃபெராரி தோற்றுக்கொண்டிருந்த காலத்தோடு இதை ஒப்பிட வேண்டும். 1979-க்குப் பின் 2000 வரை 21 ஆண்டுகள் அதன் ஓட்டுநர் ஒருவருக்கும் உலகப் பட்டம் இல்லை. ஃபார்முலா ஒன் உலகத் தொலைக்காட்சியில் பரவிப் பணமரமாக வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். லௌடா, பிராஸ்ட், சென்னா, மான்செல் மோதலுக்காக மக்கள் விழித்திருந்தார்கள். பெரிய அணி வெல்வதைக் காட்டிலும், பெரிய அணியை ஒருவர் வெல்லக்கூடும் என்பதே கூட்டத்தைக் கூட்டுகிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இனி நம் ஊருக்கு வரலாம். இந்திய மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் ஃபெராரியின் இடத்தில் வைக்கத்தக்க அணி ஒன்று உண்டென்றால் அது டிவிஎஸ் ரேசிங். அந்தப் பெயரின் வேர் மதுரையில் இருக்கிறது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் நிறுவிய குழுமம் அது. அவருடைய பேருந்துகளைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேருந்துகள் அரசுடைமையாகி, 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. தென்மாவட்டங்களில் பேருந்து என்றாலே டிவிஎஸ் என்றிருந்த நிலை அதோடு முடிந்தது. பேருந்து ஓடுவது முடியவில்லை. அதே வழித்தடங்களில், வேறு பெயரில், நின்று ஏறி நாம் போய்வந்துகொண்டுதான் இருக்கிறோம். ஒரு சேவையையும் அதைத் தொடங்கிவைத்த பெயரையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தது இந்த மதுரைக் கதைதான்.

அந்தக் குழுமத்தின் ஒரு கிளை 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட்டைக் கொண்டுவந்தது. பால்கேனும் கீரைக்கட்டும் வைக்கோலும் ஏற்றி நம் வயல்வரப்புகளில் ஓடுவது அதன் வாரிசுதான். 1982-இல் அதே நிறுவனம் பந்தயத்துக்கென்று தனிப் பிரிவை அமைத்தது. இந்தியாவில் ஒரு தொழிற்சாலையே தன் சொந்த வண்டிகளோடு களமிறங்கிய முதல் அணி. அதன் வீரர்கள் வென்ற தேசியப் பட்டங்கள் ஏராளம். ஷெர்கோ நிறுவனத்தோடு சேர்ந்து டக்கார் பாலைவனப் பந்தயத்துக்கும் போனது. கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 பிரிவை வென்று ஒட்டுமொத்தத்தில் 11-வதாக வந்தது அந்த அணிக்காகத்தான்.

டிவிஎஸ் நாளை விலகினால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசியப் பந்தயம் நிற்குமா? இங்கே சார்பு வேறு வடிவத்தில் இருப்பதைக் காண்கிறேன். ஃபெராரி இல்லாவிட்டால் ஃபார்முலா ஒன் இழப்பது பெயரை. டிவிஎஸ் இல்லாவிட்டால் நம் இளைஞர்கள் இழப்பது வண்டியை. 1994 முதல் அந்த நிறுவனம் நடத்திவரும் ஒரே வகை வண்டிப் பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி தரப்படுகிறது. கையில் லட்சங்கள் இல்லாத ஒரு பையனோ பெண்ணோ திறமையை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கக் கோட்டில் நிற்க அதுதான் வழி. பெண்களுக்கென்று தனிப் பிரிவும் அங்கே உண்டு. இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு வெறுமை இருக்கிறது. வரிசையில் நிற்கும் எல்லா வண்டியும் ஒரே நிறுவனத்துடையது என்றால், அந்த நிறுவனம் தோற்கவே முடியாது. டிவிஎஸ்ஸுக்குத் தனிப் பந்தயம், ஹோண்டாவுக்குத் தனிப் பந்தயம். கார்களிலும் இதே கதை: எம்ஆர்எஃப் பெயரில் ஒரு தேசியத் தொடர், ஜேகே டயர் பெயரில் மற்றொன்று. அவற்றில் ஒன்றுக்கு இருங்காட்டுக்கோட்டை வீடு என்றால், மற்றதற்குக் கோவை செட்டிப்பாளையத்தில், அகால மரணமடைந்த பந்தய வீரர் கரிவர்தனின் பெயரைத் தாங்கிய களம் வீடு. எதிரெதிரே நின்று மோதியிருக்க வேண்டிய பெயர்கள் ஆளுக்கொரு பந்தல் போட்டுக்கொண்டன. இந்தியாவின் மோட்டார் பந்தயம் வீரர்களை உருவாக்கியும் கூட்டத்தை உருவாக்காமல் போனதற்கு இது ஒரு பெருங்காரணம் என்பது என் கணிப்பு. தேசிய சாம்பியன்ஷிப்பில் வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் கலந்து ஓடும் பிரிவுகளைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். ஒரு டிவிஎஸ்ஸை ஒரு ஹோண்டாவோ யமஹாவோ கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து தாண்டும்போது, வேலியோரம் நிற்பவர்கள் தாமாகவே முன்னால் சாய்கிறார்கள்.

இத்தனை நிறுவனங்கள் வந்தும் போயும் இருக்கையில் மாறாமல் நின்றது எது? 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தி, பிறகு இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990-இல் 3.7 கிலோமீட்டர் களத்தைத் திறந்தது அந்தக் கிளப். அது எந்த அணியின் சொத்தும் இல்லை. டில்லி அருகே புத்தா களத்தில் 2011, 2012, 2013 என மூன்றே ஆண்டுகள் ஃபார்முலா ஒன் நடந்து நின்றதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அப்போது ஃபோர்ஸ் இந்தியா என்று நாட்டின் பெயரையே தாங்கிய அணி இருந்தது. 2018 வரை ஓடவும் செய்தது. வரிச்சிக்கலில் மாட்டிய பந்தயத்தை அந்தப் பெயரால் மீட்க முடியவில்லை. அந்த அணியின் பட்டறையே ஒரு சுவையான கதை. நரேன் ஓட்டிய ஜோர்டன்தான் மிட்லாண்ட் ஆகி, ஸ்பைக்கர் ஆகி, ஃபோர்ஸ் இந்தியா ஆகி, ரேசிங் பாயின்ட் ஆகி, இன்று ஆஸ்டன் மார்ட்டினாக ஓடுகிறது. சில்வர்ஸ்டோன் களத்தின் எதிரே அதே இடத்தில் வேலை நடந்துகொண்டேயிருக்க, பலகையில் பெயர் மட்டும் ஐந்து முறை மாறியிருக்கிறது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, மோட்டார் பந்தயம் பக்கம் திரும்பியே பார்க்காத வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். மகிழ்ச்சிதான். அந்த வாசல் வழியாக நுழைந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த பந்தயத்தையும் பார்ப்பார்கள் என்பது, அங்கே அவர் யாரோடு மோதுகிறார் என்று அவர்களுக்குத் தெரியவருவதைப் பொறுத்தது.

மாட்டுவண்டிப் பந்தயக்காரர்கள் இதையெல்லாம் எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்துவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று ஊருக்கேற்பப் பிரிவுகள் வைக்கிறார்கள். பெரிய மாடு வாங்க வசதியில்லாதவர் தேன்சிட்டில் ஓட்டலாம். பெரிய மாட்டுக்கு எட்டு மைல் என்றால் நடுமாட்டுக்கு ஆறு. ஒரு பிரிவில் வண்டிகள் மிகுந்துவிட்டால் சாலை தாங்காது என்று இரண்டாகப் பிரித்து ஓடவிட்டு, இரண்டுக்கும் பரிசு தருகிறார்கள். தூரத்தையும் பிரிவையும் பரிசையும் ஊர் விழாக்குழு முடிவுசெய்கிறது. எவ்வளவு பேர்பெற்ற மாட்டுக்காரரானாலும் நுழைவுக் கட்டணம் கட்டி, பெயர் எழுதி, மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

சாலையோரத்தில் நாங்கள் அவனியாபுரம் வண்டியைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கையில், புளியமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் விழாக்குழுக்காரர் நோட்டிலிருந்து தலைநிமிர்ந்து பக்கத்திலிருப்பவரிடம் கேட்பது வேறு:

"இதுவரைக்கும் எத்தன சோடி பதிஞ்சிருக்கு?"

"நடுமாட்டுல பதினொண்ணு. இன்னும் வண்டி வந்துக்கிட்டிருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் அடுத்த வரியை எழுதத் தொடங்குகிறார்.